கயிறு கழன்ற பிறகு

டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தில் காவாகுச்சி என்ற ஊர் இருக்கிறது. இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைகளால் பேர்பெற்ற ஊர். பெரிய வார்ப்புகளோடு ஒரு சின்னஞ்சிறு பொருளும் அங்கே நெடுங்காலமாக வார்க்கப்பட்டு வந்தது: பேகோமா. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள இரும்புப் பம்பரம். நம்மூர்ப் பம்பரத்தைப் போல அடியில் ஆணி கிடையாது. பிடித்துத் திருகக் காம்பும் கிடையாது. மேல்பக்கம் தட்டை, கீழ்ப்பக்கம் கூம்பு, அவ்வளவுதான். கயிற்றின் நுனியில் இரண்டு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுகளைப் பிடிமானமாக வைத்துக் கூம்பைச் சுற்றி இறுக்கி, ஒரே இழுப்பில் வீச வேண்டும். களமும் எளியது. வாளியின் வாயில் கெட்டித் துணியை விரித்து, நடுவில் சற்றே தொய்யும்படி கட்டிவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வீசுவார்கள். தொய்வு எல்லாப் பம்பரங்களையும் நடுவுக்கு இழுக்கும். இரும்போடு இரும்பு மோதும். வெளியே தெறித்தது தோற்றது. கடைசிவரை உள்ளே சுழல்வது வென்றது.

இரும்பு வருமுன் இது கடல் நத்தை ஓட்டில் ஆடிய ஆட்டம். ஓட்டுக்குள் மணலை நிரப்பி, மெழுகால் அடைத்துச் சுழற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டின் இடத்தை வார்ப்பிரும்பு பிடித்தது. இரண்டாம் உலகப்போரில் உலோகமெல்லாம் ஆயுதத்துக்குப் போனபோது பீங்கானில்கூடப் பேகோமா செய்தார்கள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. போருக்குப் பிறகு பேஸ்பால் வீரர்களின் பெயர்கள் பம்பரத்தின் முகத்தில் வார்க்கப்பட்டன. வென்றவன் தோற்றவனின் பம்பரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால், இது சூதாட்டம் என்று பள்ளிக்கூடங்கள் தடை போட்டதும் உண்டு.

பம்பரத்தைப் பறிகொடுக்கும் ஆட்டம் என்பதால்தான் சிறுவர்கள் அரத்தைக் கையில் எடுத்தார்கள். கடையில் வாங்கியதை அப்படியே களத்தில் இறக்கினால் நிலைக்காது. கூம்பைத் தேய்த்துக் குட்டையாக்கினால், பம்பரம் எதிரியின் விளிம்புக்கு அடியில் நுழைந்து அதை நெம்பித் தள்ளும். பக்கங்களை அறுகோணமாகத் தீட்டினால் மோதும்போது முனை கடிக்கும். ஆனால் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால், சற்றுச் சாய்ந்தாலே விளிம்பு துணியில் உரசி நின்றுபோகும். எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. அந்த வித்தை களத்தில் நடப்பதில்லை. பள்ளி விட்ட பிறகு, ஏதோ ஒரு சுவரோரம், தெருக்கல்லில் இரும்பைத் தேய்த்துக்கொண்டு குந்தியிருக்கும் ஒருவனின் பொறுமையில் நடக்கிறது.

1999-இல் தக்காரா நிறுவனம் இந்த ஆட்டத்துக்குப் பிளாஸ்டிக் உடல் கொடுத்து, பல உதிரிப் பாகங்களாகப் பிரித்து, 'பேபிளேட்' என்று விற்பனைக்கு விட்டது. சித்திரக்கதை வந்தது, தொலைக்காட்சித் தொடர் வந்தது, சென்னையின் பொம்மைக் கடைகள்வரை அது பரவியது. தேய்த்து மாற்றிய இடத்தில் இப்போது பாகங்களைத் தேர்ந்து பொருத்துகிறார்கள். அடிமுனை தட்டையாக இருந்தால் பம்பரம் ஒரு புள்ளியில் நிற்காது; களம் முழுக்க ஓடித் தாக்கும், ஆனால் சுழற்சியைச் சீக்கிரம் செலவழித்துவிடும். கூர்முனை நடுவிலேயே நின்று நெடுநேரம் சுழலும். பலத்த அடி விழுந்தால் தாங்காது. உருண்டை முனை, இடிபட்டுச் சாய்ந்தாலும் மறுபடி நிமிரப் பார்க்கும். தாக்குவதற்கு ஒரு வகை, தாங்குவதற்கு ஒரு வகை, நீடிப்பதற்கு ஒரு வகை. எல்லாவற்றையும் எப்போதும் வெல்லும் பம்பரம் என்று ஒன்று கிடையாது. எதிரே வருவது எது என்பதைப் பொறுத்தே எதுவும் நல்லது, எதுவும் கெட்டது.

இரும்பானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒரு விஷயம் மாறவில்லை. கயிறு கழன்றதும் ஆட்டக்காரரின் வேலை முடிந்துவிடுகிறது. குத்துச்சண்டைக்காரர் அடி வரும்போது விலகலாம். சதுரங்கக்காரர் அடுத்த நகர்த்தலில் திருத்திக்கொள்ளலாம். பம்பரக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், வேறு வழியில்லை. வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்யும் அந்தச் சில நொடிகளில் அவர் பார்வையாளர் மட்டுமே. இருந்தும் பம்பரம் வென்றது என்று யாரும் சொல்வதில்லை. இன்னார் வென்றார் என்றே சொல்கிறோம். கையை விட்டுப் போன ஒன்றின் பலன் எப்படி அந்தக் கைக்கு உரியதாகிறது? சமயங்களும் தத்துவங்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முட்டி மோதிய கேள்வி இது. வியப்பு என்னவென்றால், அந்தக் கேள்வியைப் பேச வந்த பழைய தத்துவ ஞானி ஒருவர் பம்பரத்தையே எடுத்துக்கொண்டார்.

அவர் கிரிசிப்பஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் ஸ்டோயிக் பள்ளியை நடத்தியவர். அவருடைய நூல்கள் அழிந்துவிட்டன. ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் ஊழைப் பற்றி எழுதிய நூலில் அவர் வாதத்தைப் பதிவு செய்திருக்கிறார். எல்லாம் முன்காரணங்களின் தொடர்ச்சியாகவே நடக்கின்றன என்பது ஸ்டோயிக் கொள்கை. அப்படியானால் திருடனைப் பழிப்பதும் வீரனைப் புகழ்வதும் எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்டது. கிரிசிப்பஸின் பதில் இது: ஓர் உருளையையும் ஒரு பம்பரத்தையும் தள்ளிவிடுங்கள். தள்ளுதல் வெளியிலிருந்து வருகிறது, அது இல்லாமல் இரண்டும் அசையாது. ஆனால் உருளை உருள்வதும் பம்பரம் சுழல்வதும் தள்ளியவரால் அல்ல. அவற்றின் சொந்த வடிவத்தால். அதேபோல ஆசையூட்டும் காட்சி வெளியிலிருந்து வந்து மனத்தைத் தள்ளுகிறது. அதற்கு இசைவதும் மறுப்பதும் அந்த மனத்தின் வடிவத்தைப் பொறுத்தது. ஆகவே செயல் செய்தவனுடையதுதான்.

அழகான வாதம். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. பம்பரம் தன் வடிவத்தைத் தானே தேர்ந்துகொள்ளவில்லையே? கடைசல்காரர் கடைந்தபடி அது இருக்கிறது. கோபக்காரனாகப் பிறந்தவன் தன் கோபத்துக்கு எப்படிப் பொறுப்பாவான்? காவாகுச்சியில் வார்த்த பேகோமாவை வைத்து இதற்குப் பதில் தேடலாம். பட்டறையிலிருந்து வந்த வடிவமும் கடைசியில் களத்தில் இறங்கிய வடிவமும் ஒன்றல்ல. இடையில் அரம் வேலை செய்திருக்கிறது. கிரிசிப்பஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் எடுப்பதும் எறிவதும் எறிந்தவன் கையில்தான் இருந்தது என்கிறார் அவர். குணமும் அப்படியே. நீதியற்றவனாக ஆகிவிட்ட ஒருவன் நினைத்த கணத்தில் மாறிவிட முடியாது. ஆனால் அப்படி ஆகாமல் இருக்க ஒரு காலத்தில் வழி இருந்தது. இதன்படி, சுதந்திரத்தைக் களத்தில் தேடுவது வீண். அது தேய்த்த நாட்களில் இருந்தது.

இந்தியத் தரிசனங்கள் இதே இடத்துக்கு வேறு வாசலால் வந்தன. கணாதரின் வைசேஷிக சூத்திரம் எய்த அம்பைப் பற்றிப் பேசுகிறது: அம்பின் முதல் அசைவு நாண் கொடுத்த உந்துதலால், அடுத்தடுத்த அசைவுகள் அந்த முதல் அசைவு அம்புக்குள்ளேயே உண்டாக்கிய சம்ஸ்காரத்தால். பின்னர் பிரசஸ்தபாதர் சம்ஸ்காரத்தை மூன்று வகையாகப் பிரித்தார். பொருள் ஓடிக்கொண்டே இருக்கச் செய்யும் வேகம் ஒன்று. வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் நெகிழ்ச்சி ஒன்று. அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவு, அதாவது நினைவுக்குக் காரணமானது, இன்னொன்று. அம்பின் ஓட்டத்தையும் மனிதனின் நினைவையும் ஒரே பண்பின் கிளைகளாக வைத்த துணிச்சலை நினைத்துப் பார்க்க வேண்டும். சாட்டை கழன்ற பிறகும் பம்பரத்துக்குள் தங்கியிருப்பதும், செய்து முடித்த பிறகும் செய்தவனுக்குள் தங்கியிருப்பதும் உறவுடையவை என்று அந்தத் தரிசனம் கண்டது. செய்த செயல் போய்விடுவதில்லை. அது செய்தவனின் அடுத்த வடிவமாகிறது.

ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இன்னும் ஓர் அடி போகிறது. ஞானம் வந்துவிட்டால் உடல் ஏன் உடனே விழுந்துவிடுவதில்லை? குயவர் கோலை எடுத்த பிறகும் சக்கரம் சுழல்கிறதல்லவா, அப்படித்தான் என்கிறது காரிகை. சங்கரரும் இதே சக்கரத்தைக் காட்டுகிறார். தொடங்கிவிட்ட வினை, பிராரப்தம், தன் வேகம் தீரும்வரை ஓடியே தீரும். ஞானியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இந்தக் கருத்தின் மிக உருக்கமான தமிழ்ச் சாட்சி திருவண்ணாமலையில் உண்டு. 1898 டிசம்பரில் அழகம்மாள் வீட்டைவிட்டு வந்துவிட்ட தம் மகனை அழைத்துப்போக வந்தார். பேசாமல் இருந்த மகன், பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவர், ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அவரவர் பிராரப்தப்படி நடத்துபவன் நடத்துகிறான்; நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நில்லாது என்பது அதன் சாரம். தாய் வெறுங்கையோடு திரும்பினார். அந்தத் தாளின் உண்மையை எப்படி எடுத்துக்கொண்டாலும், அதைப் படித்த தாயின் மனத்தை நினைக்காமல் அந்தச் சம்பவத்தைக் கடக்க முடியாது.

முயற்சிக்கே இடமில்லை என்று துணிந்து முடித்தவர்கள் ஆசீவகர்கள். அவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலர், புத்தரின் காலத்தவர். பௌத்த நூலான சாமஞ்ஞபல சுத்தம் அவருடைய கொள்கையை ஒரு நூலுருண்டையால் விளக்குகிறது. வீசிய நூலுருண்டை, நூல் இருக்கும்வரை பிரிந்துகொண்டே ஓடி, தீர்ந்ததும் நிற்கும். அப்படியே அறிவாளியும் மூடனும் ஒன்றுபோல 84 லட்சம் மகாகல்பங்கள் பிறவியில் சுழன்று, தானாகவே துன்பத்தின் முடிவை அடைவார்கள். நோன்பாலோ ஒழுக்கத்தாலோ அதைச் சுருக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. பம்பரம் விட்ட யாருக்கும் இந்த உவமை உடனே புரியும். சுற்றிய கயிறு இவ்வளவுதான், சுழற்சியும் இவ்வளவுதான். தமிழ் மண்ணில் இந்தக் கொள்கைக்கு நீண்ட வாழ்வு இருந்தது. மணிமேகலை சமயவாதிகளின் வரிசையில் ஆசீவகரைப் பேசவைக்கிறது. சமண நூலான நீலகேசி ஆசீவக வாதத்துக்கென்று தனிச் சருக்கமே ஒதுக்கி அவர்களை மறுக்கிறது. எல்லாம் நிச்சயிக்கப்பட்டுவிட்டது என்றால் எதற்கும் முயல்வதில் பொருளில்லை என்ற இடத்தில்தான் மறுப்பு கூர்மையாகிறது.

இத்தனை பேரின் உவமைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். கிரிசிப்பஸ் தள்ளிய பம்பரம், அரிஸ்டாட்டில் எறிந்த கல், கணாதரின் அம்பு, காரிகையின் சக்கரம், மற்கலியின் நூலுருண்டை. எதுவும் எதன்மேலும் மோதவில்லை. ஞானிகள் எல்லோரும் ஒற்றைப் பொருளைத்தான் சுழலவிட்டார்கள். வாளியைச் சுற்றிக் குந்தியிருந்த சிறுவர்களோ எப்போதும் குறைந்தது இரண்டைச் சுழலவிட்டார்கள்.

இந்த வேறுபாடு சிறியதல்ல. மலேசியாவின் கிளந்தான் பகுதியில் காசிங் என்னும் பெரும் பம்பர ஆட்டம் நெல் அறுவடைக்குப் பிந்தைய ஓய்வுக்காலத்தில் ஆடப்பட்டு வந்தது. ஐந்து கிலோ எடைவரை உள்ள பம்பரங்கள். தடித்த கயிற்றால் சுற்றி, உடம்பு முழுவதையும் திருப்பி வீச வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காசிங் ஊரி: வீசிய பம்பரத்தை மரப்பலகையால் அள்ளி எடுத்து, உலோகக் குழி பதித்த சிறு கம்பத்தின் மேல் வைத்துவிடுவார்கள். யார் பம்பரம் நெடுநேரம் சுழல்கிறது என்பதே போட்டி. ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுழலும். இன்னொன்று காசிங் பங்கா: ஒரு தரப்பின் பம்பரம் சுழன்றுகொண்டிருக்க, அடுத்த தரப்பு தன் பம்பரத்தை அதன்மேல் வீசி வெளியேற்ற வேண்டும். ஊரிக்குக் கிரிசிப்பஸ் போதும். வடிவம், எடைப் பங்கீடு, வீசிய வேகம், இவற்றைச் சொல்லிவிட்டால் பலனைச் சொல்லிவிடலாம். பங்காவுக்கு அது போதாது. மிகச் சிறந்த பம்பரத்தை மிகச் சரியாக வீசியவரும், எதிர்வந்த வீச்சின் ஒரு விரற்கடைச் சாய்வால் தோற்கலாம்.

பேபிளேட் ஆட்டத்தில் இது இன்னும் நுட்பமாகத் தெரியும். பெரும்பாலான பம்பரங்கள் வலப்பக்கம் சுழல்பவை. சில இடப்பக்கம் சுழல வடிவமைக்கப்பட்டவை. இரண்டும் ஒரே திசையில் சுழன்றால், மோதும் இடத்தில் இரண்டின் விளிம்புகளும் எதிரெதிராக ஓடும். அடி பலமாக விழும், இரண்டுமே வேகத்தை இழக்கும். எதிரெதிர்த் திசையில் சுழன்றால் நடப்பது வேறு. தொடும் இடத்தில் விளிம்புகள் ஒரே பக்கம் ஓடுகின்றன. பற்சக்கரங்கள் இணைவதைப் போல, வேகமானது மெதுவானதற்குத் தன் சுழற்சியைக் கொடுக்கிறது. ஓய்ந்துகொண்டிருந்த பம்பரம், தன்னைத் தாக்க வந்ததன் வேகத்தை வாங்கிக்கொண்டு நிமிர்கிறது. இதை நம்பியே விளிம்பில் ரப்பர் வைத்த இடச்சுழல் பம்பரங்களைக் களமிறக்குகிறவர்கள் உண்டு. மெதுவாகச் சுழலத் தொடங்கி, எதிரியின் பலத்தில் வாழ்ந்து, கடைசியில் அவரை விட ஒரு நொடி கூடுதலாக நிற்பது அவர்கள் உத்தி.

அந்தக் கடைசி நொடியின் சுழற்சி யாருடையது? அதை ஊட்டிய கை எதிரியின் கை. வைத்திருக்கும் பம்பரம் வென்றவருடையது. ஒருவன் தன் முயற்சியின் பலனைத் தான் பெறுகிறான் என்ற வாக்கியம் ஒற்றைப் பம்பரத்துக்குப் பொருந்தும். இங்கே அது தடுமாறுகிறது. ஒருவர் வாழ்வில் கிடைத்த எழுச்சியில் எவ்வளவு அவருடைய சாட்டை, எவ்வளவு அவரோடு உரசியவர்கள் தந்தது என்று பிரித்துக் காட்ட யாராலும் ஆகாது.

பகவத் கீதை என்றதும், வினையில்தான் உரிமை, பலனில் இல்லை என்ற சுலோகம் எல்லோருக்கும் நினைவு வரும். பம்பரத்தைப் பற்றி யோசிக்க அதைவிட உதவுவது பதினெட்டாம் அத்தியாயத்தின் பதினான்காம் சுலோகம். எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் கூட வேண்டும் என்கிறது அது: செயல் நிகழும் இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இரண்டு சுலோகம் தள்ளி, தான் ஒருவனே செய்பவன் என்று காண்பவன் சரியாகக் காணவில்லை என்றும் சொல்லிவிடுகிறது. இந்தப் பட்டியலில் செய்பவனுக்கும் முன்னால் இடம் நிற்பது கவனிக்கத்தக்கது. உரையாசிரியர்கள் அந்த இடத்தை உடல் என்று கொள்வது வழக்கம். களம் என்று வைத்துப் பார்த்தாலும் சுலோகம் ஒளிவிடுகிறது. துணி எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பதே எத்தனை முறை மோதல் நிகழும் என்பதை முடிவு செய்யும். 2023-இல் வந்த பேபிளேட் எக்ஸ் வகையில் களத்தின் ஓரத்தில் பற்கள் கொண்ட தண்டவாளம் ஒன்று ஓடுகிறது. பம்பரத்தின் அடியிலுள்ள பற்கள் அதில் சிக்கினால் பம்பரம் திடீரென்று சீறிப் பாயும். அந்தப் பாய்ச்சல் வீசியவரின் கையிலும் இல்லை, பம்பரத்தில் மட்டும் இல்லை. களத்தோடு சேர்ந்து பிறந்தது.

சைவ சித்தாந்தம் வேறொரு கோணத்தில் இதே சிக்கலைப் பிடித்தது. வினை அறிவற்றது, செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. பல உயிர்களின் பல வினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உலகில், இந்தப் பலன் இந்த உயிருக்கு என்று அது தானே தேடிப் போய்ச் சேராது. ஆகவே சேர்த்துவைக்கும் அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பது வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் இருவினைகளின் போக்குவரவை இறைவனின் ஆணையோடு இணைத்தார். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அதை விரித்து நிறுவினார். இறைவனை ஏற்பவர் ஏற்கட்டும், ஏற்காதவர் விடட்டும். அந்த வாதத்தின் முதல் பாதியை மட்டும் யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. உயிர்கள் பலவாக இருக்கும் இடத்தில், செயலிலிருந்து பலனுக்குப் போகும் பாதை நேர்க்கோடு அல்ல என்பதைச் சித்தாந்திகள் கண்டுகொண்டார்கள். அதை ஒரு குறையாக மறைக்காமல் வாதத்தின் மையத்திலேயே வைத்தார்கள்.

தமிழ்நாட்டுத் தெருக்களின் வட்டக்குத்து இந்த நேர்க்கோட்டை இன்னும் கோணலாக்குகிறது. மண்ணில் வட்டம் போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தைக் குத்திவிட்டு, சுழலும்போதே சாட்டையால் இழுத்து மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். 'அபீட்' எடுப்பது என்று பல ஊர்களில் அதற்குப் பெயர். கடைசியாக எடுத்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் கிடத்தப்படும். மற்றவர்கள் தங்கள் பம்பரங்களின் ஆணியால் அதைக் குத்திக் குத்தி வெளியேற்றுவார்கள். சில நேரம் மரம் பிளந்தே போகும். தாமதித்தது கை. குத்து வாங்குவது பம்பரம். மரத்துக்கு வலியில்லை என்பதால் அது விளையாட்டு.

வலி உள்ள இடத்திலும் இதே வழக்கம் நடந்திருக்கிறது. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஆயுள் முழுக்க உழைத்தான். மகனுக்குப் பின் பேரனும் உழைத்தான். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் அப்படிக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் தமிழகத்தில் இருந்தன. 1976-இல் நிறைவேறிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், வாரிசு வழியாக வந்து சேரும் கடமைகளையும் கொத்தடிமையின் இலக்கணத்துக்குள் சேர்த்தே ஒழித்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பும் பின்பும் சூளையோரத்தில் நின்று, இது உங்கள் தலையெழுத்து, போன பிறவிப் பாவம் என்று சொன்னவர்கள் உண்டு. வினைக் கொள்கையின் மிகக் கேடான பயன்பாடு அதுதான். ஒற்றைப் பம்பரத்தின் கணக்கை எடுத்துக்கொண்டுபோய், பல பேர் சேர்ந்து சாய்த்துவைத்த களத்தின் மேல் பொருத்துவது. பெரியார் ஊழையும் தலைவிதியையும் அவ்வளவு கடுமையாகத் தாக்கியதற்கு இந்த அநீதி காரணம். அவர் மறுத்த கடவுளை நம்புகிறவர்கள்கூட அந்தக் கோபத்தின் நியாயத்தை மறுக்க முடியாது.

ஊழை நம்பினால் அப்படித்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் உயிரை ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பமாகக் காண்கிறார். முறைவழி அது போகும் என்கிறார். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு, தாழ்ந்தவர்களை அவர்கள் விதி என்று விட்டுவிடுவது அல்ல. பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்பது. யார் எந்த நீரோட்டத்தில் வந்தார் என்பது தெரியாதபோது, கரையேறிய உயரத்தை வைத்து எவரையும் அளக்க முடியாது. ஊழ்க் கொள்கையிலிருந்து பிறந்த இந்த அடக்கம் தமிழ்ச் சிந்தனையின் பெருமைகளில் ஒன்று. சூளையோரப் பேச்சு அதற்கு நேர் எதிரானது.

பேபிளேட் போட்டிகளில் வென்றவரைப் பாராட்டுவது நியாயமாகிறது என்றால், அதற்கு விதிகள் காரணம். களம் இருவருக்கும் ஒன்று. ஜப்பானில் தொடங்கி எல்லா ஊர்களிலும், மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி, ஒரே குரலில் ஒரே கணத்தில் விடுகிறார்கள். முந்தி விட்டால் செல்லாது. பாகங்கள் சோதிக்கப்படுகின்றன, கள்ளத்தனமாகத் தேய்த்தோ எடை சேர்த்தோ கொண்டுவர முடியாது. பேகோமாவில் தேய்ப்பதே கலை, இங்கே அது குற்றம். ஆனால் இரண்டிலும் என்ன செய்யலாம் என்பது எல்லோருக்கும் ஒன்றே. களத்தைச் சமமாக்கிய பிறகுதான் கையின் திறமை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. சமமாக்காத இடத்தில் ஒருவரைத் தகுதியுள்ளவர் என்றும் இன்னொருவரைத் தகுதியற்றவர் என்றும் சொல்வதற்கு ஆதாரமே கிடையாது. கல்வி, வேலை, நிலம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் இந்த வரிசை மாறக்கூடாது: முதலில் களம், பிறகு கை.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. பேபிளேட் எக்ஸ் போட்டிகளில் ஒரு சுற்றோடு ஆட்டம் முடிவதில்லை. எதிரியின் சுழற்சி முதலில் ஓய்ந்தால் ஒரு புள்ளி. களத்தின் பக்கக் குழிக்குள் தள்ளினாலோ, பாகங்கள் சிதறும்படி அடித்தாலோ இரண்டு. நடுக்குழியில் பாய்ச்சி வெளியேற்றினால் மூன்று. நான்கு புள்ளிகளை முதலில் எட்டுபவர் வெல்கிறார். ஒவ்வொருவரும் மூன்று பம்பரங்கள் கொண்டுவருவார்கள். ஒரே பாகத்தை இரண்டில் பயன்படுத்தக் கூடாது. எது முதலில், எது பின்னால் என்பதை எதிரிக்குக் காட்டாமல் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். மூன்று சுற்றும் முடிந்து யாருக்கும் நான்கு புள்ளி சேரவில்லை என்றால், வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

மற்கலியின் நூலுருண்டை ஒரே ஒரு முறை வீசப்படுகிறது; இடைவேளையே இல்லாத வீச்சு அது. ஆட்டக்காரருக்கோ ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் பம்பரம் கைக்குத் திரும்பி வருகிறது. சென்ற சுற்றில் எதிரி எந்த முனையைக் கொண்டுவந்தார், எந்தக் கோணத்தில் விட்டார், தன் பம்பரம் எங்கே தடுமாறியது என்று அவர் யோசிக்கிறார். மூன்று சுற்றிலும் முடிவு வராவிட்டால், மூன்றாவதாக வைத்திருந்ததை முதலாவதாக மாற்றுகிறார். விடும் சாய்வைச் சற்றுக் குறைக்கலாமா என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார். எதிரி என்ன வரிசை வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நடுவர் எண்ணத் தொடங்குகிறார்.